கோப்பையைத் தவறவிட்டவருக்கே ஆட்ட நாயகன் விருதா?

நீங்கள் கேட்டது இது: யாரோ அனுப்பிய பழைய கறுப்பு வெள்ளைத் துண்டுப்படம் ஒன்று. தண்ணீர் தேங்கிய மைதானம். ரக்பி வீரர் ஒருவர் கம்பத்துக்கு நேர் எதிரே பந்தை நிறுத்தி வைத்து உதைக்கிறார். பந்து வலப்பக்கமாக ஒதுங்கி வெளியே போகிறது. அவர் தரையில் விழுந்து தலையில் கை வைத்துக்கொள்கிறார். அணி ஒரே புள்ளியில் கோப்பையை இழக்கிறது. படத்துக்குக் கீழே, "அன்று சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர் இவரே" என்று எழுதியிருக்கிறது. இது கிண்டலா, ஆறுதல் பரிசா என்று கேட்கிறீர்கள். கூடவே, "அந்த உதையைச் சின்னப் பிள்ளைகூடப் போட்டிருக்குமே" என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். அது 1968 ரக்பி லீக் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம்; உதைத்தவர் வேக்ஃபீல்ட் டிரினிட்டி அணியின் டான் ஃபாக்ஸ், எதிரே லீட்ஸ் அணி. விருது பற்றிய கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்தச் சின்னப் பிள்ளை விஷயத்துக்குத்தான் இவ்வளவு நீளம் தேவைப்படுகிறது.

நான் ரக்பி லீக் ஆடியவன் இல்லை. மேற்கு யார்க்ஷயரில் உள்ளூர்ப் பையன்களும் வேலைக்குப் போகும் ஆட்களும் வார இறுதியில் ஆடும் ஆட்டங்களில் பல வருடங்கள் டச் ஜட்ஜாகக் கொடி பிடித்தவன். டச் ஜட்ஜ் ஓரக்கோட்டில் ஓடுகிறவர்தான். ஆனால் கோலுக்கு உதை வரும்போது இரண்டு டச் ஜட்ஜுகளும் ஆளுக்கு ஒரு கம்பத்தடியில் போய் நிற்க வேண்டும். பந்து குறுக்குக் கட்டைக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போனால் கொடியை உயர்த்துவோம். போகாவிட்டால் இடுப்புக்குக் கீழே குறுக்காக அசைப்போம். அதனால் உதைப்பவரின் முகத்தை எதிரே நின்று பார்க்கும் வாய்ப்பு, அவருடைய தாய்க்குக்கூடக் கிடைக்காத அளவுக்கு, எங்களுக்குக் கிடைக்கும். 1968 பற்றி நான் சொல்வது படத்திலும் பதிவிலும் உள்ளது. ஈர மைதானத்து உதை பற்றிச் சொல்வது நானே பார்த்தது.

விருதை முதலில் முடித்துவிடுவோம். சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்குக் கொடுப்பது லான்ஸ் டாட் கோப்பை. லான்ஸ் டாட் நியூசிலாந்துக்காரர். விகன் அணிக்கு ஆடி, பின்னால் சால்ஃபோர்ட் அணியை நடத்திப் பெயர் வாங்கியவர். 1942இல் கார் விபத்தில் இறந்தார். அவர் நினைவாக 1946 முதல் இந்த விருது வழங்கப்படுகிறது. மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் ரக்பி லீக் நிருபர்கள் வாக்களித்துத் தேர்வு செய்வார்கள். இறுதி விசில் ஊதி முடித்த பிறகு ஓட்டுப் போட நேரம் இருக்காது, பரிசளிப்பு உடனே நடக்க வேண்டும். ஆகவே சீட்டுகளைக் கடைசி நிமிடங்களுக்கு முன்பே வாங்கிவிடுவார்கள். 1968 மே 11 அன்று டான் ஃபாக்ஸ் பெயரை அவர்கள் எழுதிக் கொடுத்தபோது அந்த உதை இன்னும் நடக்கவே இல்லை. ஆக, கிண்டலும் இல்லை, ஆறுதலும் இல்லை. அதற்கு முந்தைய ஆட்டத்துக்காக அவர் உழைத்து வாங்கிய விருது அது. உதை நடந்த பிறகு அது விபரீதமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இனி ஆட்டத்துக்கு வருவதற்குள் ஒரு சிறு விளக்கம், இதை வாசிக்கும் எல்லோருக்கும் தேவைப்படும். இலங்கையில் பள்ளிக்கூடங்கள் மோதுகிற, ஆறு நாடுகள் தொடரில் டிவியில் பார்க்கிற ரக்பி வேறு. அது யூனியன், 15 பேர் ஆட்டம். இது லீக், 13 பேர் ஆட்டம். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வட இங்கிலாந்துக் கிளப்புகள் தனியே பிரிந்ததிலிருந்து பிறந்த ஆட்டம். காரணம் காசு. சனிக்கிழமை சுரங்கத்துக்கோ மில்லுக்கோ போகாமல் ஆட வருகிறவனுக்கு இழந்த கூலியையாவது கொடுக்க வேண்டும் என்றார்கள் வடக்கர்கள். தெற்கின் கனவான்கள் கூடாது என்றார்கள். பிரிந்த இரண்டாவது வருடமே, 1896–97 பருவத்தில், தோற்றால் வெளியே என்ற முறையில் சேலஞ்ச் கோப்பை தொடங்கியது. முதல் இறுதி ஆட்டத்தில் பேட்லி அணி செயின்ட் ஹெலன்ஸை 10–3 என்று வென்றது. 1929 முதல் இறுதி ஆட்டத்தை லண்டனில் வெம்ப்லி மைதானத்தில் வைக்கத் தொடங்கினார்கள். வருடத்துக்கு ஒருநாள், வடக்கின் மில் ஊர்கள் ரயிலும் பஸ்ஸுமாகத் தலைநகரில் போய் இறங்கும். எங்கள் பகுதிக் கிழவர்களிடம் கேட்டால் கல்யாணத் தேதியை மறந்திருப்பார்கள், வெம்ப்லி போன வருடத்தை மறக்கமாட்டார்கள்.

1967–68 பருவம் பல வகையில் விசித்திரமானது. ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டம் முதன்முதலில் நடந்தது அந்தப் பருவத்தில்தான், 1967 டிசம்பரில். தேவாலயக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆட்டவிதியும் புதிது. அதுவரை ஓர் அணி பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் மோதிக்கொண்டே இருக்கலாம். 1966இல் நாலு டேக்கிள்தான், அதாவது பந்தோடு நாலு முறை பிடிபடலாம், என்று வரம்பு போட்டார்கள். நாலாவது முறை விழுந்தால் ஸ்க்ரம், அதாவது இரு அணியின் முன்வரிசைகளும் முட்டி நின்று பந்துக்குப் போட்டியிடுவது. இப்போதுள்ள ஆறு டேக்கிள் 1972இல் வந்தது. நாலு டேக்கிளுக்குள் எதுவும் செய்ய முடியாத அணிகள் பந்தை உதைத்துத் தள்ளிவிட ஆரம்பித்தன. எனவே நன்றாக உதைக்கத் தெரிந்தவனுக்கு மதிப்பு கூடியது. டான் ஃபாக்ஸ் கதையில் இது முக்கியம்.

கோப்பையில் 32 அணிகள்: 30 தொழில்முறைக் கிளப்புகள், குறையும் இரண்டு இடத்துக்கு அமெச்சூர் அணிகள். லீட்ஸ் அந்த வருட லீக் பட்டியலில் முதலிடம். கோப்பையின் அரையிறுதியில் விகனை 25–4 என்று நொறுக்கியது. வேக்ஃபீல்ட் டிரினிட்டி அரையிறுதியில் ஹடர்ஸ்ஃபீல்டோடு 0–0 என்று சமன் செய்து, மறு ஆட்டத்தில் 15–10 என்று தப்பியது. ரக்பி லீக்கில் 0–0 என்பது டெஸ்ட் கிரிக்கெட்டில் இரண்டு இன்னிங்ஸும் ஒரே ஸ்கோரில் முடிவது மாதிரி, வாழ்நாளில் ஒன்றிரண்டு பார்த்தால் அதிகம். இறுதி ஆட்டத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, மே 4 அன்று, லீக் பட்டியலின் முன்னணி அணிகள் தோற்றால் வெளியே என்று மோதும் சாம்பியன்ஷிப்பின் இறுதியில் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸை 17–10 என்று வென்று வேக்ஃபீல்ட் நாட்டின் சாம்பியன் ஆனது. கோப்பையும் கிடைத்தால் ஒரே பருவத்தில் இரட்டைப் பட்டம். வேக்ஃபீல்டுக்கும் லீட்ஸுக்கும் நடுவே 15 கிலோமீட்டர்கூட இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் இருவர் சண்டை போட 300 கிலோமீட்டர் தள்ளி லண்டன் போனார்கள் என்று வையுங்கள்.

ஃபாக்ஸ் குடும்பம் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த உதையை டான் உதைத்திருக்கவே வேண்டியதில்லை. வேக்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஷார்ல்ஸ்டன் என்று ஒரு சுரங்கக் கிராமம். அங்கே மூன்று சகோதரர்கள்: பீட்டர், டான், நீல். மூத்தவர் பீட்டர் பின்னால் பிரிட்டன் அணிக்கே பயிற்சியாளர் ஆனார். கடைக்குட்டி நீல்தான் இன்றுவரை ரக்பி லீக் வரலாற்றில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர், மொத்தம் 6,220. வேக்ஃபீல்ட் 1960, 1962, 1963 ஆகிய மூன்று வருடம் கோப்பையை வென்றதற்கும் அவர் ஒரு பெரிய காரணம். 1960 இறுதி ஆட்டத்தில் ஹல் அணிக்கு எதிராக அவர் மட்டும் 20 புள்ளிகள். அணியின் வழக்கமான கோல் உதைப்பவர் நீல். 1968 இறுதி ஆட்டத்துக்கு அவர் காயத்தால் வரமுடியவில்லை. பொறுப்பு அண்ணன் தோளில் விழுந்தது.

டான் சாதாரண ஆள் இல்லை. ஃபெதர்ஸ்டோன் ரோவர்ஸ் அணிக்குப் பல வருடங்கள் ஸ்க்ரம்ஹாஃப் இடத்தில் ஆடி 162 ட்ரை போட்டவர், அந்தக் கிளப்பின் சாதனை அது. எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பதுதான் ட்ரை. 1962இல் பிரிட்டன் அணியோடு ஆஸ்திரேலியா போனவர். 1965இல் வேக்ஃபீல்டுக்கு மாறினார். வயது ஏறிய பிறகு முன்வரிசைக்குப் போய், மூளையாலும் காலாலும் ஆட்டத்தை நடத்துகிற ஆளாக மாறியிருந்தார். விதியைப் பாருங்கள்: அவர் விட்டுவந்த ஃபெதர்ஸ்டோன் 1967இல் வெம்ப்லிக்குப் போய் பேரோ அணியை 17–12 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தது. அங்கேயே இருந்திருந்தால் அவர் கையிலும் அந்தப் பதக்கம் இருந்திருக்கலாம். வேக்ஃபீல்ட் வந்ததால் சாம்பியன்ஷிப் கிடைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எதிரே லீட்ஸ். அவர்கள் கடைசியாகக் கோப்பையை வென்றது 1957இல். பயிற்சியாளர் ராய் ஃபிரான்சிஸ், வேல்ஸில் பிறந்த கறுப்பினத்தவர். பிரிட்டனின் தொழில்முறை அணி விளையாட்டில் முதல் கறுப்பினப் பயிற்சியாளர் என்று போற்றப்படுபவர். வீரர்களின் குடும்பங்களை மைதானத்துக்கு அழைப்பது, ஆட்டத்தைப் படம் பிடித்துத் திரும்பப் பார்ப்பது, மனத்தையும் பயிற்றுவிப்பது என்று இன்று எல்லோரும் செய்வதை அன்றே செய்தவர். இவரைப் பற்றித் தமிழில் யாராவது தனியாக எழுத வேண்டும். எல்லோருக்கும் பின்னால் நிற்கும் ஃபுல்பேக் பெவ் ரிஸ்மன், முதலில் யூனியனில் இங்கிலாந்துக்கு ஆடிவிட்டு லீக்குக்கு வந்தவர். அவருடைய அப்பா கஸ் ரிஸ்மன் 1952இல் தனது 41ஆவது வயதில் வொர்க்கிங்டன் டவுன் அணியோடு இதே கோப்பையை வென்றவர். உதை அந்த வீட்டின் பரம்பரைச் சொத்து.

ஆட்ட நாளுக்கு வருவோம். மழை. தொடக்கத்துக்கு முன்பே இடியோடு ஒன்று கொட்டித் தீர்த்தது, இடைவேளையை ஒட்டி இன்னொன்று. வெம்ப்லிப் புல் அழகுக்குப் பேர் போனது. ஊர் மைதானங்களைப் போலச் சேறாகக் குழையாமல், மேலே தண்ணீர் தேங்கிய கம்பளமாக நின்றது. சேற்றில் கால் புதையும், தண்ணீர்ப் புல்லில் கால் வழுக்கும், இரண்டும் வேறு. ஒருவரை ஒருவர் பிடித்தால் இருவரும் சேர்ந்து ஐந்தாறு மீட்டர் சறுக்கிக்கொண்டு போனார்கள். இந்த ஆட்டத்துக்கு வாட்டர்ஸ்பிளாஷ் ஃபைனல் என்ற பெயர் அப்படி வந்தது. ஆட்டத்தை நடத்தியிருக்கவே கூடாது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. என் கருத்து: விளையாட்டுக்காக மட்டும் பார்த்தால் ஒத்திவைத்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே 87,100 பேர். பெரும்பாலோர் வடக்கிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்தவர்கள். பிபிசியின் நேரடி ஒளிபரப்பு வேறு. அந்த நிலையில் ஒத்திவைக்கத் துணிந்த அதிகாரி யாரும் இருந்திருக்க மாட்டார்.

அப்போது ஒரு ட்ரைக்கு 3 புள்ளி, ஒரு கோலுக்கு 2 புள்ளி. கோல் என்பது கம்பங்களுக்கு நடுவே போகும் உதை: எதிரணியின் தவறுக்காகக் கிடைத்தால் பெனால்டி, ட்ரைக்குப் பிறகு கிடைத்தால் கன்வர்ஷன். முதல் பாதியில் லீட்ஸுக்கு ரிஸ்மன் இரண்டு பெனால்டி கோல் போட்டார். வேக்ஃபீல்டின் விங்கர், அதாவது ஓரத்தில் ஆடும் ஆள், கென் ஹர்ஸ்ட், லீட்ஸ் விங்கர் ஜான் அட்கின்சன் பந்தைச் சமாளிக்க முடியாமல் வழுக்கிய இடத்தில் புகுந்து, பந்தைக் காலால் தள்ளிக்கொண்டு போய் ட்ரை வைத்தார். டான் அதைக் கன்வர்ஷனாக்கினார். பிறகு ஒரு பெனால்டியும் அவரே. இடைவேளையில் வேக்ஃபீல்ட் 7, லீட்ஸ் 4. இந்த நேரத்தில் டான் செய்தது வெறும் கோல் உதை மட்டுமல்ல. எல்லோரும் நிற்கவே திணறிய மைதானத்தில், பந்தைப் பிடித்துத் தரையளந்து உதைத்து, எதிரணியை அவர்களுடைய பாதிக்குள்ளேயே அடைத்து வைத்தார். நிருபர்கள் சீட்டில் அவர் பெயரை எழுதியது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். மழையில் நிதானமாக ஆடியவர் அவர்.

இரண்டாம் பாதியில் வந்தது சர்ச்சைக்குரிய முடிவு. அட்கின்சன் பந்தை முன்னே உதைத்துத் துரத்திக்கொண்டு போகிறார். அவர் தடுக்கப்பட்டார் என்று நடுவர் ஜான் ஹெபிள்த்வெய்ட் பெனால்டி ட்ரை கொடுக்கிறார். பெனால்டி ட்ரை என்றால் தடுத்திருக்காவிட்டால் ட்ரை விழுந்திருக்கும் என்று நடுவர் தீர்ப்பளிப்பது. கன்வர்ஷன் கம்பத்துக்கு நேர் எதிரே. வெம்ப்லி போன்ற இடத்தில் அதைக் கொடுக்க நெஞ்சுரம் வேண்டும். அது சரியா தவறா? நடுவர் ஊதியதும், மூன்று புள்ளி விழுந்ததும் பதிவில் இருக்கும் உண்மை. தடுத்தது வேண்டுமென்றா, வழுக்கியதாலா என்பதில் வேக்ஃபீல்ட்காரரும் லீட்ஸ்காரரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை, ஒத்துப்போகப் போவதும் இல்லை. படத்தைப் பலமுறை பார்த்த எனக்கு, நின்று தடுத்ததைவிட நிற்க முடியாமல் தடுத்ததாகவே தெரிகிறது. ஆனால் விதி நோக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை, விளைவையும் பார்க்கிறது. கொடி பிடித்தவன் என்ற முறையில், நடுவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நான் ஒருதலைப்பட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரிஸ்மன் அந்தக் கன்வர்ஷனைப் போட்டார். லீட்ஸ் 9, வேக்ஃபீல்ட் 7. ஆட்டம் முடியும் தறுவாயில் லீட்ஸுக்கு ஒரு பெனால்டி, ரிஸ்மன் அதையும் போட்டார். 11–7. பாதிப் பேர் எழுந்து பஸ்ஸைத் தேடிப் போகும் நேரம்.

இங்கே ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். ரக்பி லீக்கில் எதிரணிக்குப் புள்ளியை விட்டுக்கொடுத்த அணிதான் நடுக்கோட்டிலிருந்து உதைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும். சாதாரணமாக இது நஷ்டம், பந்து எதிரணியிடம் போய்விடும். அன்று தண்ணீர் அதை லாபமாக்கியது. டான் உயர உதைக்காமல் தரையோடு உதைத்தார். பந்து தேங்கிய நீரில் எங்கே நிற்கும், எங்கே வழுக்கும் என்று லீட்ஸ் ஆட்களால் கணிக்க முடியவில்லை. ஹர்ஸ்ட் பின்னால் வந்து அதைக் காலால் ஒரு தட்டு, இன்னொரு தட்டு, துரத்தி, கம்பங்களுக்கு நடுவே விழுந்து ட்ரை வைத்தார். 11–10. கன்வர்ஷன் இரண்டு புள்ளி. போட்டால் 12–11, கோப்பையும் இரட்டைப் பட்டமும் வேக்ஃபீல்டுக்கு. ட்ரை வைத்த இடத்துக்கு நேர்கோட்டில்தான் கன்வர்ஷன் எடுக்க வேண்டும், ஆகவே இதுவும் நட்ட நடுவே. ஆட்டத்தில் இனி வேறு எதுவும் மிச்சமில்லை.

இப்போது உங்கள் சின்னப் பிள்ளை. இரண்டு கம்பங்களுக்கும் நடுவே 5.5 மீட்டர். குறுக்குக் கட்டை 3 மீட்டர் உயரம். நேர் எதிரே என்றால், காய்ந்த தரையில் ஆமாம், சின்னப் பிள்ளை போடும். நான் கம்பத்தடியில் நின்று நூற்றுக்கணக்கான உதைகள் பார்த்திருக்கிறேன். கோணத்தில் இருந்து தவறுவதற்கும் நேரே இருந்து தவறுவதற்கும் காரணம் ஒன்றில்லை. கோணத்தில் தவறுவது குறியால். நேரே தவறுவது கிட்டத்தட்ட எப்போதும் நிற்கும் காலால். உதைக்கும் கால் எல்லோர் கண்ணிலும் படும்; பந்துக்குப் பக்கத்தில் ஊன்றும் இன்னொரு காலை யாரும் பார்ப்பதில்லை. முழு உடம்பின் பாரமும் அந்தக் காலில் விழுகிறது. அது நாலு விரல்கடை நகர்ந்தால் போதும், பூட்ஸின் முனை பந்தின் நடுவில் படாமல் ஓரத்தில் படும், பந்து பக்கவாட்டில் விலகிப் போகும். படத்தில் பந்து வலப்பக்கம் விலகுகிறது. கால் வழுக்கினால் நடப்பது இதுதான், எனவே கால் வழுக்கியது என்று நம்புகிறேன். நிரூபணம் என்று சொல்லமாட்டேன்.

இதோடு பந்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைய பந்து தோல் பந்து. இப்போதுள்ள செயற்கைப் பந்துபோல் தண்ணீரை உதறாது, குடிக்கும். எண்பது நிமிடம் குடித்த பந்து நனைந்த தலையணை மாதிரி கனக்கும். அதை நிறுத்தி வைக்க பிளாஸ்டிக் கிண்ணம் கிடையாது. குதிகாலால் தரையைக் குத்திக் குழி பறித்து அதில் செருக வேண்டும். தண்ணீர் நிற்கும் புல்லில் குழி பறித்தால் குழியும் நிரம்பும். பந்து கனமாக இருக்கிறதென்று பலமாக உதைக்கத் தோன்றும், பலமாக உதைக்க நினைத்தால் நிற்கும் கால் இன்னும் அழுத்தமாக ஊன்றும், அழுத்தமாக ஊன்றினால் இன்னும் வழுக்கும். ஒருமுறை நவம்பர் மழையில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் என் கண் முன்னால் இதே மாதிரி நேர் உதையைக் கம்பத்துக்கு ஒரு மீட்டர் வெளியே அனுப்பினான். கொடியைக் கீழே அசைத்தபோது அவன் என்னை முறைத்தான், ஏதோ நான்தான் காற்றாய் ஊதித் தள்ளிவிட்டது போல. அவன் கால் ஊன்றிய இடத்தில் போய்ப் பார்த்தேன். புல்லில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு கிழித்திருந்தது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அதே நாளில், அதே மழையில், அதே நேர் உதையை ரிஸ்மன் போட்டார். பெனால்டி ட்ரைக்கான கன்வர்ஷனும் கம்பத்துக்கு நேர் எதிரேதான். எனவே "முடியாத உதை" என்று நான் சொல்லவில்லை, முடிகிற உதைதான். மைதானத்தின் மறுமுனை, வேறு புல்வெளி, வேறு ஈரம் என்பது ஒரு வித்தியாசம். இரண்டாம் பாதியில் இரு அணியும் எதிரெதிர் முனைகளைத்தானே தாக்கும். இன்னொன்று, ரிஸ்மனுடைய உதையோடு உலகம் முடிந்துவிடவில்லை. தவறியிருந்தால் இன்னும் ஆட நேரம் இருந்தது. டானுக்கு அப்படி இல்லை. கூட்டத்தில் பாதி கையை உயர்த்தத் தயாராக, மீதிப் பாதி கண்ணை மூடிக்கொண்டு. மனம் காலை எவ்வளவு கெடுத்தது என்று அளக்க எந்தக் கருவியும் இல்லை. காலை தரை கெடுத்தது என்பதற்காவது தடயம் இருக்கும்.

பிபிசியில் நேரடி வர்ணனை செய்தவர் எடி வேரிங், டியூஸ்பரி ஊர்க்காரர். பந்து விலகியதும் அவர் குரல் உயர்ந்து, தவறிவிட்டது என்று கூவி, பிறகு டான் தரையில் கிடப்பதைப் பார்த்து, பாவம் பையன் என்று தணிந்து முடியும். டானுக்கு அப்போது வயது 32. யார்க்ஷயர் பேச்சில் எந்த வயதானாலும் நம்மாள் என்றால் பையன்தான். நம் ஊர்ப் பக்கங்களில் நரை விழுந்தவரையும் "பாவம் பிள்ளை" என்பார்களே, அது. அந்த மூன்று விநாடிக் குரல்தான் வேரிங்கை அவருடைய மற்ற ஆயிரம் வர்ணனைகளைவிட நினைவில் வைத்தது. சற்று நேரத்தில் பிபிசியின் டேவிட் கோல்மன் ஒலிவாங்கியோடு டானிடம் போனார். கழுத்தில் தோல்வியும் கையில் சிறந்த வீரர் விருதுமாக நின்ற ஒருவரிடம் என்ன கேட்க முடியும் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதைப் படம் பிடித்தால் அப்படித்தான் இருக்கும்.

உங்கள் கேள்விக்குள் இன்னொன்று இருந்தது: ஒரு உதையால் தோற்றதா வேக்ஃபீல்ட்? கணக்கைப் போட்டுப் பாருங்கள். வேக்ஃபீல்ட் இரண்டு ட்ரை, இரண்டு கோல். லீட்ஸ் ஒரு ட்ரை, நாலு கோல்; அந்த ஒரு ட்ரையும் நடுவர் கொடுத்தது. 1983இல்தான் ட்ரைக்கு 4 புள்ளி ஆக்கினார்கள். அந்த எண்ணிக்கையை 1968க்குப் போட்டால் 12–12. தவறிய உதையைத் தவறியதாகவே வைத்துக்கொண்டாலும் ஆட்டம் சமன். வேக்ஃபீல்டைத் தோற்கடித்தது என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் நான் நீல் ஃபாக்ஸின் காயத்தையும் ரிஸ்மனின் உதைக்கும் காலையும் சொல்வேன். அதற்குப் பிறகுதான் டானின் உதை. அவர் எடுத்த 4 புள்ளியும், கடைசி ட்ரைக்கு வழிவிட்ட அந்தத் தரையோட்ட உதையும் இல்லாவிட்டால், தவறவிட அவருக்கு ஒரு கன்வர்ஷனே கிடைத்திருக்காது.

லீட்ஸ் கோப்பையோடு திரும்பியது. ராய் ஃபிரான்சிஸ் அடுத்து ஆஸ்திரேலியாவுக்கு நார்த் சிட்னி அணியை நடத்தப் போனார். ரிஸ்மன் அதே மாதம் உலகக் கோப்பைக்குப் பிரிட்டன் கேப்டனாகப் போனார், அங்கே அவருக்கு நல்ல காலம் இல்லை. வேக்ஃபீல்ட் டிரினிட்டி 1979இல்தான் மறுபடி வெம்ப்லி இறுதிக்கு வந்தது, விட்னஸ் அணியிடம் தோற்றது. 1963க்குப் பிறகு அவர்கள் சேலஞ்ச் கோப்பையை வென்றதே இல்லை. டான் ஃபாக்ஸ் 2008இல் காலமானார். இரங்கல் குறிப்புகளின் முதல் வரியில் 162 ட்ரை வரவில்லை, அந்த உதைதான் வந்தது.

கடைசியாக, விருதைப் பற்றி உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒன்று. 1946இல் லான்ஸ் டாட் கோப்பையை முதன்முதலில் வாங்கியவர் பில்லி ஸ்டாட். அவரும் வேக்ஃபீல்ட் டிரினிட்டிக்காரர். அன்று எதிரே விகன். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு பெனால்டி கிடைத்தது, ஸ்டாட் உதைத்தார், உள்ளே போனது. 13–12, ஒரே புள்ளியில் கோப்பை வேக்ஃபீல்டுக்கு. அதே கிளப், அதே மைதானம், அதே ஒரு புள்ளி, அதே விருது. இருபத்திரண்டு வருடம் கழித்து டானுக்குக் கொடுக்கப்பட்டது அந்த ஸ்டாட் வாங்கிய கோப்பைதான்.